பாசி மிதவையில் பணம் போடலாமா? ரிஸ்க் உண்மையில் எங்கே இருக்கிறது?

கரைக்காத்து (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். அக்காவைக் கட்டிக்கொடுத்தது மண்டபம் பக்கம். மச்சானுக்கு நண்டு வலைதான் தொழில். இப்போது இரண்டு பேரும் கடல்பாசி வளர்ப்பில் இறங்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார்கள். அக்கா பெயரில் 45, மச்சான் பெயரில் 45 என்று மொத்தம் 90 மூங்கில் மிதவை. அரசு மானியம் போக மீதியில் பாதியை நான் போட வேண்டுமாம், மற்ற பாதி கடன்.

யூடியூபில் பார்த்த அத்தனை காணொளியிலும் "45 நாளில் நாலு மடங்கு" என்கிறார்கள். பணம் எந்த வழியாகப் போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. புயல்தான் ஒரே ஆபத்து என்றால் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் போடாமல் இருந்தால் சரியாகிவிடாதா? கடலோரம் இருப்பவர்கள், இந்தத் தொழிலில் இருந்தவர்கள் விவரம் சொன்னால் புண்ணியமாகப் போகும்.


பங்குராஜா

கடலில் கொண்டுபோய்ப் பணத்தைக் கட்டுவதற்குப் பதில் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி போடுங்கள். அதிலும் அலை உண்டு, ஆனால் உப்புத் தண்ணீர் இல்லை.


வடகடல்

ராஜா, நீங்கள் உங்கள் பங்குச்சந்தை இழைக்கே போய்விடுங்கள். இங்கே ஒருத்தர் குடும்ப விஷயம் கேட்கிறார்.

தம்பி, நான் பாக் நீரிணைப் பக்கம் பாசி கட்டுகிறவன். பெப்சி கம்பெனி இந்தத் தொழிலைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே பார்க்கிறேன். இன்றைக்கும் எங்கள் பக்கம் பெரிசுகள் இதைப் "பெப்சி பாசி" என்றுதான் சொல்லும். அந்தக் கம்பெனி 2008-லேயே வேறு கைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

புயலைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி. புயல் சொல்லிவிட்டு வருகிறது. வானிலை அறிக்கை வந்ததும் மிதவைகளைக் கரைக்கு இழுத்து அடுக்கிவிடுவோம். இழுக்க நேரம் இல்லாவிட்டால் மூங்கில் போகும், கயிறு போகும். அதெல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கிற சாமான்.

விதைப் பாசி போனால்தான் கதை முடிந்தது. கணக்கைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மிதவை. அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் விதை. ஆக மிதவைக்கு 60 கிலோ. நன்றாக வந்தால் 45 நாளில் 240, 260 கிலோ எடுக்கலாம். அதில் 60 கிலோவை மறுபடி கட்டுவதற்கு எடுத்து வைத்துவிட வேண்டும். மிச்சம் 200. காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு, 20 கிலோ. விற்கிறது அந்த இருபதுதான்.

இப்போது விளைச்சல் பாதியாகிறது என்று வையுங்கள். 130 கிலோ. அதிலும் விதைக்கு அதே 60. மிச்சம் 70, காய்ந்தால் 7 கிலோ. விளைச்சல் பாதி, வருமானம் மூன்றில் ஒரு பங்கு. காணொளிக்காரர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்த ஏழு கிலோவைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் இருக்கிற 60 கிலோ விதையையும் காயப்போட்டால் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிவிடலாமே என்று தோன்றும். விதை நெல்லைக் குத்தித் தின்ற கதைதான் அப்புறம். எங்கள் கரையில் தொழிலை விட்டுப் போனவர்களில் புயலால் போனவர்கள் குறைவு, இப்படிப் போனவர்கள்தான் அதிகம்.


கரைக்காத்து

அண்ணே, இந்தக் கணக்கை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. ரொம்ப நன்றி. விதையை வெளியில் விலைக்கு வாங்க முடியாதா?


வடகடல்

வாங்கலாம். உங்களுக்கு விதை இல்லாத நேரத்தில் யாரிடமும் இருக்காது, அதுதான் தொல்லை. உங்கள் பாசி வெப்பத்தில் வெளுத்துப்போனால் பக்கத்து ஊர்க்காரன் பாசியும் வெளுத்துத்தான் போயிருக்கும். அப்போது விதை வைத்திருப்பவன் சொல்வதுதான் விலை.


பவளப்பூச்சி

நான் கடல் உயிரியல் படித்தவன், சில காலம் மன்னார் வளைகுடாவில் களப்பணி செய்திருக்கிறேன். வடகடல் அண்ணன் சொல்வதற்கு அறிவியல் பக்கத்திலிருந்து ஒரு காரணம் உண்டு.

இங்கே வளர்க்கிற கப்பாஃபைகஸ் ஆல்வரேசி நம் கடலுக்குச் சொந்தமான பாசி இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. பாவ்நகரில் தலைமையிடம் வைத்திருக்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் ஜப்பான் வழியாகக் கொண்டுவந்து குஜராத்தில் வளர்த்துப் பார்த்தது, பிறகு 1990-களில் மண்டபத்துக்கு வந்தது. அந்தச் சிறிய முதல் கையிருப்பிலிருந்து ஒடித்து ஒடித்துக் கட்டித்தான் இத்தனை ஆண்டும் தொழில் நடந்திருக்கிறது. விதை என்று பெயரே தவிர அது ஒரு துண்டு. மகரந்தமும் இல்லை, கலப்பும் இல்லை. ஒரு துண்டுக்கு என்ன பலவீனமோ அதே பலவீனம் எல்லாத் துண்டுக்கும் இருக்கும்.

தண்ணீர் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் ஏறி அப்படியே நின்றுவிட்டால் பாசி திணறும். நுனியும் நடுத்தண்டும் வெள்ளையாகி ஒடிந்து விழும். இதை ஐஸ்-ஐஸ் என்பார்கள். கூடவே மேலே ரோமம் மாதிரி வேறு சின்னப் பாசிகள் ஒட்டிக்கொள்ளும். 2012-13-ல் தமிழ்நாட்டின் உற்பத்தி உலர் எடையில் சுமார் 1,500 டன் என்ற உச்சத்தைத் தொட்டது. அதற்கு அடுத்துதான் கொத்துக் கொத்தாகச் செத்து உற்பத்தி சரிந்தது. ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வந்தது. காப்பீட்டுக்காரர்கள் பயப்படுவது இப்படிப்பட்ட ஆபத்தைத்தான்.

ஆய்வகத்தில் திசு வளர்ப்பு முறையில் உண்டாக்கிய நாற்றுகளை இப்போது கொடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள பாசி கொண்டுவருவதற்கு 2024 அக்டோபரில் மத்திய மீன்வளத் துறை வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. தனிமைப்படுத்திச் சோதித்துவிட்டுத்தான் கடலில் விடலாம். நல்லதுதான். ஆனால் யாராவது "பிலிப்பைன்ஸ் விதை கைவசம் இருக்கு, ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று வந்தால் வாங்காதீர்கள். நோயும் சேர்ந்து வரும்.


கணக்குப்பிள்ளை

ஓய்வுபெற்ற வங்கி கள அலுவலர் நான். ராமநாதபுரம் மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்களுக்குப் பாசிக் கடன் கொடுத்த காலத்தில் அங்கே வேலை பார்த்தேன். வங்கி எது என்பது வேண்டாம்.

எங்கள் மேசையில் இருந்து பார்த்தால் ஆபத்து வேறு மாதிரித் தெரிந்தது. கடல் எப்படி இருக்கிறது, விதை எப்படி இருக்கிறது என்று கடன் மனுவில் ஒரு கட்டமும் கிடையாது. கம்பெனியின் கொள்முதல் ஒப்பந்தக் கடிதம் இருக்கிறதா, குழுவில் பழைய பாக்கி உண்டா, இவ்வளவுதான். கடிதம் இருந்தால் ரிஸ்க் இல்லை என்று மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிடுவார். அந்தக் கடிதம் எல்லாக் குழுவுக்கும் ஒரே ஆள் கொடுத்தது. அவர் சரக்கு எடுப்பதை நிறுத்தினால் ஒரு கணக்கு மட்டும் கெட்டுப்போவதில்லை, ஒரே மாதத்தில் அத்தனை கணக்கும் சேர்ந்து வாராக்கடனாகும். பல பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம், பரவலாக இருக்கிறது என்று தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போகும்!

பாசி செத்துப்போன காலத்தில் வசூலுக்குப் போனேன். திருப்பிக் கட்டியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் வீட்டில் பாசி ஒன்றை மட்டும் நம்பி யாரும் இல்லை. ஒருவர் வல்லத்தில் (படகில்) மீனுக்குப் போவார், ஒருவர் கருவாடு போடுவார். பாசிப் பணம் கூடுதல் பணம். 90 மிதவை என்றால் இரண்டு பேருக்கும் முழுநாள் வேலை. மச்சானை நண்டு வலையை விட்டுவிடச் சொல்கிறீர்களா? அதை முதலில் சொல்லுங்கள்.


கரைக்காத்து

ஆமாம் சார், வலையை விற்றுவிட்டு அந்தப் பணத்தையும் இதில் போடலாம் என்றுதான் பேச்சு.


வடகடல்

வலையை விற்கவே கூடாது. சொல்லிவிட்டேன்.


சின்னப்பாலத்துப்பொண்ணு

அண்ணா, நான் பாம்பன் பக்கம். அம்மாவும் அத்தைகளும் இயற்கைப் பாசி எடுக்கப் போகிறவர்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. தீவுகளை ஒட்டி இடுப்பளவுத் தண்ணீரில் தொடங்கி முங்கி எடுப்பார்கள். விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள், காலுக்குத் தகடு கட்டிக்கொள்வார்கள், கண்ணாடி போட்டுக்கொள்வார்கள். சொறி மீன் பட்டு உடம்பு தடித்துப்போய் வருவது வழக்கம். கல் கிழித்த காயம் ஆறுவதற்குள் அடுத்த முறை போய்விடுவார்கள், உப்புத் தண்ணீரில் அது ஆறவும் ஆறாது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதுதான் ஆபத்தான தொழில், மிதவைதான் பாதுகாப்பான தொழில் என்று சொல்லுவார்கள். கூட்டத்துக்கு வரும் அதிகாரிகளும் அப்படித்தான் சொன்னார்கள். அம்மா அப்படிப் பார்ப்பதில்லை. "இதில் போட்ட முதல் என்று ஒன்றும் இல்லை, போகாத நாள் சும்மா இருப்பேன், கடன்காரன் வரமாட்டான்" என்பார். அம்மாவுக்குப் பயம் காட்டுவது கடல் இல்லை. வனத்துறைப் படகுதான். கடல் தேசியப் பூங்கா எல்லைக்குள் போனதாகச் சொல்லி எடுத்த பாசியைப் பிடுங்கிவிட்டால் அன்றைய பாடு போச்சு.

பெண்களே கூடிப் பேசிச் சில கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். மாதம் முழுக்கப் போவதில்லை, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மொத்தம் 12 நாள்தான். கையால்தான் பறிக்க வேண்டும், சுரண்டக் கூடாது. மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டிப் பாசிக்கும் ஓய்வு. எங்கள் ஊர் லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு 2015-ல் தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் சீகாலஜி விருது கிடைத்தது இதற்காகத்தான். ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அடுத்த வருஷமும் பாசி இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மானியம் யார் பெயரில்?


கரைக்காத்து

பெண்கள் பெயரில் போட்டால் மானியம் அதிகமாம். அதனால் மச்சான் பெயரை விட்டுவிட்டு, இரண்டு 45-ஐயும் அக்கா பெயரிலும் அவர் நாத்தனார் பெயரிலும் எழுதப் போகிறார்கள்.


கணக்குப்பிள்ளை

மத்திய மீன்வளத் திட்டத்தில் (பிரதமர் மத்ஸ்ய சம்பதா) பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். மிதவை ஒன்றுக்குத் திட்டத்தின் மதிப்பு 1,500 ரூபாய். கையில் ஆகும் செலவு அதைத் தாண்டும், மூங்கில் விலையை விசாரித்துப் பாருங்கள். மானியமும் பல இடங்களில் வேலை முடித்த பிறகுதான் வந்து சேரும். அதுவரை வட்டி உங்களுடையது.


சின்னப்பாலத்துப்பொண்ணு

சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் அக்காவுடையது, கடன் பத்திரத்தில் கையெழுத்து அக்காவுடையது. ஆனால் சரக்கை எடை போடும் இடத்தில் நிற்பது மச்சான், பணம் வாங்குவதும் மச்சான் என்றால், நாளைக்குத் தவணை தவறினால் குழுக் கூட்டத்தில் தலைகுனிந்து நிற்பது யார்? எங்கள் தெருவில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஆண்கள் பேச்சில் இந்த ரிஸ்க் வரவே வராது.


பவளப்பூச்சி

இன்னொரு ஆபத்தையும் சொல்லாமல் விட்டால் தப்பு. வடகடல் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2008-ல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள் மேல் இந்தக் கப்பாஃபைகஸ் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கிளை கிளையாக வளரும் அக்ரோபோரா பவளத்தைப் போர்வை மாதிரி மூடிவிடுகிறது. வெளிச்சம் கிடைக்காமல் பவளம் சாகிறது. அப்புறம் வேறு தீவுகளிலும் கண்டார்கள். இன்றுவரை ஆட்களை வைத்துக் கையால் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஹவாயின் கனயோஹே விரிகுடாவில் 1970-களில் ஆராய்ச்சிக்கு விட்ட பாசி என்ன பாடு படுத்தியது என்று உலகமே பார்த்தது. அங்கே உறிஞ்சு இயந்திரம் வைத்து அகற்றினார்கள்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே ஒரு துண்டு ஒட்டினால் அது யார் பாசி என்று கேட்டு வரமாட்டார்கள், மொத்தத் தொழிலுக்கும் தடை என்று பேச்சு வரும். சூழல் என்ற வார்த்தையே பிடிக்காதவர்கள்கூட இதை ஒரு தொழில் ஆபத்தாக எடுத்துக்கொள்ள வேண்டும்.


வடகடல்

கோபம் இல்லை தம்பி, ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். 2005-ல் அரசு ஆணை போட்டுத் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் வளர்க்கக் கூடாது, பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கும்தான் என்று கோடு கிழித்தார்கள். பவளத்துக்கு நல்லது, நான் மறுக்கவில்லை. எங்களுக்கு என்ன ஆயிற்று?

வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வடகடல், அதாவது எங்கள் பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும், தென்கடல் அமைதியாக இருக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தலைகீழ். இரண்டு கடலும் ஒரு நடை தூரத்தில் இருக்கிற ஊர் மண்டபம். விதையைக் காற்றுக்குத் தகுந்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிக் காப்பாற்றலாம். அந்தக் கதவை மூடிவிட்டார்கள். எல்லோரும் ஒரே கடலில், ஒரே காற்றில். உங்கள் ஆபத்தைக் குறைக்கப் போட்ட கோடு எங்கள் ஆபத்தைக் கூட்டியது. அதற்கு என்ன மாற்று ஏற்பாடு செய்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. விதை வங்கி என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார்கள். வாடைக்கு நடுவில் போய்ப் பாருங்கள், தொட்டி காலியாகத்தான் இருக்கும்.


பவளப்பூச்சி

நியாயமான கேள்வி. ஆணை போட்டபோதே வடகிழக்குப் பருவத்துக்கு விதை வைப்பதற்கு ஒரு காப்பிடத்தையும் சேர்த்து யோசித்திருக்க வேண்டும். ஆனாலும் தென்கடலைத் திறந்துவிடச் சொல்ல என் மனம் ஒப்பாது.


வடகடல்

உங்களை ஒப்பச் சொல்லவில்லை. அந்த ஒப்பாத மனசுக்கு விலை கொடுக்கிறது யார் என்று மட்டும் பாருங்கள்.


மட்டுறுத்துநர்

இருவரும் நல்ல கருத்துகள் வைத்திருக்கிறீர்கள். பெயர் சொல்லி அதிகாரிகளைத் திட்டிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். தொடருங்கள்.


நெய்தல்காரன்

பாசி கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்தில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். எங்கள் பக்கத்துப் பயத்தையும் கேளுங்கள்.

நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் பாசி காயும். மணலில் நேராகக் கொட்டினால் மண் ஏறும். வலை விரித்தோ தார்ப்பாய் விரித்தோ காயவைத்தால் சுத்தமாக இருக்கும். நடுவில் ஒரு மழை பெய்தால் முடிந்தது, உள்ளே இருப்பது கரைந்து நிறம் வெளுத்துவிடும். 45 நாள் கடலில் தப்பித்த சரக்கு கரையில் ஒரு சாயங்கால மழையில் கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன். புயலுக்குப் பயப்படுகிற அளவுக்கு இதற்கு யாரும் பயப்படுவதில்லை.

விலை குறைகிற காலத்தில் மூட்டையில் மண்ணும் உப்பும் கூடும், ஈரமும் கூடும். கம்பெனி அதற்கு எடை கழிக்கும். வளர்ப்பவர் "எப்படியும் கழிப்பான்" என்று இன்னும் கொஞ்சம் சேர்ப்பார். இரண்டு பக்கமும் மற்றவனுடைய ஏமாற்றைத் தன் ரிஸ்க்காக நினைத்து முன்கூட்டியே தற்காத்துக்கொள்கிறார்கள். நியாயமாகச் சரக்குக் கொடுப்பவருக்குத்தான் இதில் நஷ்டம்.

விலை எங்கே முடிவாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பாசியில் இருந்து எடுக்கும் காராஜீனன் என்ற கூழ்ப்பொருள் ஐஸ்கிரீம், பற்பசை வரைக்கும் போகிறது. உலகச் சந்தையில் இந்தோனேசியா கொட்டி வைத்திருக்கும் சரக்கோடு நாம் விலையில் போட்டி போட முடியாது. நம் ஊர்ப் பாசியின் பெரும்பகுதி பயிருக்குத் தெளிக்கும் சாறாகப் போகிறது. அந்த வகை உயிரூக்கிகளை 2021-ல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தார்கள், பதிவு, பரிசோதனை எல்லாம் கட்டாயம். டெல்லியில் ஒரு தேதி தள்ளிப்போனால் இங்கே கொள்முதல் லாரி வருவது தள்ளிப்போகும். மண்டபம் பக்கத்து முனைக்காட்டில் மிதவை கட்டுகிறவருக்கு இந்தக் காகிதம் கண்ணிலேயே படாது.


பூநகரியான்

வணக்கம். நான் கிளிநொச்சி மாவட்டம். எங்கட பக்கமும் இந்தப் பாசி செய்யினம். கயிறும் விதையும் கம்பனி தரும், அறுவடை அவைக்கேதான் குடுக்கவேணும். நெய்தல்காரன் அண்ணை சொன்ன மழைப் பிரச்சினை எங்களுக்கு வேற மாதிரி. மாரி மழைக்குக் களப்புப் பக்கம் நன்னீர் கலந்து உப்பு குறைஞ்சுபோகும். காத்தும் இல்லை, அலையும் இல்லை, பாசி பேசாமல் அழுகிப்போகும். ஆழமான பக்கம் போட்டால் தப்பும், ஆனால் போய்வரப் படகு வேணும், எண்ணெய்க் காசு வேணும்.

இப்ப எங்களுக்குப் பெரிய பயம் இடம். கடலட்டைப் பண்ணைக்கு வேலி அடைச்சு அடைச்சு ஆழங்குறைஞ்ச கடல் எல்லாம் பங்கு போகுது. கடலுக்குக் காணி மாதிரி உறுதிப் பத்திரம் இல்லைத்தானே. இண்டைக்குப் பாசி கட்டின இடம் நாளைக்கு வேற ஆளுக்கு அனுமதி குடுத்திட்டம் எண்டு சொன்னால் என்ன செய்யிறது?


வடகடல்

பூநகரியான் தம்பி சரியான இடத்தைத் தொட்டார். இங்கேயும் அதே கதைதான். மானியம் வாங்கிய கையோடு மிதவையைக் கொண்டுபோய்க் கட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வல்லம் போகும் வழியா, கரைவலை இழுக்கும் இடமா, நண்டு வலை விடும் இடமா என்று ஊர்க் கூட்டத்தில் கேட்டுவிட்டுத்தான் நங்கூரம் போட வேண்டும். இரவில் இன்ஜின் படகு ஏறி மிதவையை உடைத்தால் போலீசில் புகார் கொடுத்து ஒரு பிரயோசனமும் இல்லை. ஊர் ஒப்புக்கொண்ட இடம் என்றால் ஊரே கேட்கும். எனக்குத் தெரிந்த காப்பீடு அது ஒன்றுதான்.


கரைக்காத்து

காப்பீடு என்றதும் கேட்கிறேன். நிஜக் காப்பீடு ஒன்றும் கிடையாதா?


கணக்குப்பிள்ளை

மீனவர் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம். அக்கா, மச்சான், நாத்தனார் மூவரும் அதில் பதிவாகியிருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். அது ஆளுக்கு. பாசிக்கு என்று கேட்டால், என் காலத்தில் எந்தக் காப்பீட்டுக்காரரும் முன்வரவில்லை. இத்தனை மணிக்கு இத்தனை கிலோ கடலில் இருந்தது என்பதை யார் நிரூபிப்பது என்று கேட்பார்கள். எந்தத் தேதியில் எத்தனை மிதவை கட்டியது, எத்தனை கிலோ எடுத்தது, யாருக்குக் கொடுத்தது என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதி வையுங்கள். நிவாரணம் என்று ஏதாவது வந்தாலும் கையில் காகிதம் இருப்பவருக்குத்தான் முதலில் கிடைக்கும்.


பவளப்பூச்சி

நோட்டு விஷயத்தில் ஒரு வெளிநாட்டு வழக்கு நினைவுக்கு வருகிறது. 2009 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே திமோர் கடலில் மொன்டாரா எண்ணெய்க் கிணறு வெடித்தது. இரண்டு மாதத்துக்கும் மேல் எண்ணெய் கசிந்துகொண்டே இருந்தது. இந்தோனேசியாவின் ரோத்தே, குபாங் பக்கம் பாசி வளர்த்தவர்களின் பயிர் வெளுத்துச் செத்தது. எண்ணெய் அவ்வளவு தூரம் வரவே இல்லை என்று கம்பெனி சாதித்தது. சுமார் 15,000 பேர் சார்பில் டேனியல் சந்தா என்ற ரோத்தேத் தீவுப் பாசிக்காரர் வழக்குப் போட்டார். 2021-ல்தான் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2022-ல் 19.25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் ஆனது. கிணறு வெடித்துப் பதின்மூன்று வருஷம் கழித்து! அந்த ஊரில் பாசி கட்டத் தொடங்கும்போது எண்ணெய்க் கிணற்றை ஆபத்துப் பட்டியலில் யார் சேர்த்திருப்பார்கள்?


நெய்தல்காரன்

இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் என்றால் 2008 விலையேற்றத்தையும் சொல்ல வேண்டும். உலர் பாசி விலை அந்த ஆண்டு கிடுகிடுவென்று ஏறியது. ஏறியதும் முற்றாத பாசியை அறுத்து விற்றார்கள், விதைக்கு வைத்ததையும் விற்றார்கள். தரம் கெட்டது, வாங்கியவர்கள் வேறு பொருளுக்கு மாறப் பார்த்தார்கள், அடுத்த ஆண்டே விலை விழுந்தது. வடகடல் அண்ணன் விளைச்சல் குறையும்போது விதையைத் தின்பார்கள் என்றார். விலை ஏறினாலும் தின்பார்கள் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.


பங்குராஜா

இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள், இது என் சந்தையேதான்.


வடகடல்

ராஜா இன்னும் போகலையா?


கரைக்காத்து

எல்லோர் பதிவையும் அக்காவுக்கும் மச்சானுக்கும் படித்துக் காட்டினேன். மச்சான் முதலில் முறைத்தார். வடகடல் அண்ணனின் 7 கிலோ கணக்கில்தான் அமைதியானார், அவரே காகிதத்தில் போட்டுப் பார்த்தார். இப்போது பேசி வைத்திருப்பது: வலையை விற்பதில்லை. 90 இல்லை, 20 மிதவையில் தொடக்கம், கடன் இல்லாமல். வாடை ஓய்ந்து தை பிறந்த பிறகுதான். ஊர்க் கூட்டத்தில் மச்சான் பேசுகிறார். எடை போடும் இடத்துக்கு அக்காதான் போவார் என்று நான் ஒரு நிபந்தனை போட்டேன், அதற்கு மச்சான் சிரித்தார், மறுக்கவில்லை.

இரண்டு சந்தேகம். 20 மிதவைக்கு 1,200 கிலோ விதை ஒரே ஆளிடம் வாங்கலாமா? மிதவைக்கு அடியில் கட்டும் வலை புதிதாக வாங்க வேண்டுமா?


சின்னப்பாலத்துப்பொண்ணு

மறுக்கவில்லை என்பது சம்மதம் இல்லை அண்ணா. அக்கா பெயரில் வங்கிக் கணக்கு இருந்தால் கொள்முதல் பணம் நேராக அதில் விழும்படி எழுதிக்கொடுங்கள். ஏடிஎம் அட்டை அக்காவிடம்தான் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.


வடகடல்

ஒரே ஆளிடம் வாங்காதீர்கள். இரண்டு ஊரில் வாங்கிக் கலக்காமல் தனித்தனி மிதவையில் கட்டுங்கள். ஒன்றுக்கு நோய் வந்தால் எது என்று தெரியும், மற்றதைத் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம். வாங்கும்போது கொத்தைத் தூக்கி நுனியைப் பாருங்கள். வழவழப்பாக, ஒடித்தால் மொடுக்கென்று ஒடிய வேண்டும். நுனி வெளுத்திருந்தாலோ, மேலே ரோமம் மாதிரி இருந்தாலோ சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

வலை புதிதாக வேண்டியதில்லை. மச்சானிடமே பழைய வலை இருக்குமே, கிழிசலைப் பொத்தினால் போதும். ஓரா மீன் உள்ளே நுழையாத கண் அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது கூட்டமாக வந்தால் ஒரே இரவில் கொத்தை மொட்டையாக்கிவிடும். ஓரங்களை இறுக்கிக் கட்டுங்கள், நடுவில் தொங்கினால் பரவாயில்லை. மூங்கில் வாங்குவதற்கு முன்னால் ஒரு போன் போடச் சொல்லுங்கள், நானும் எடுக்க வேண்டும், சேர்த்து எடுத்தால் லாரி வாடகை குறையும். எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.